தட்டிப் பார்த்தால் தெரியும்

ஆயர் ஈத்தாம் முழுக்க கேஸ் தோம்பு சுமந்தவன்
குணாளன், என் அண்ணன்.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
லிஃப்ட் படுத்துவிட்ட நாளெல்லாம்
பதினாலாம் மாடிவரை அவன் தோள்தான் லிஃப்ட்.
தோம்பில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க
தராசு கேட்கமாட்டான்.
விரலை மடக்கி மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவான்.
சத்தம் மாறும் இடத்தில் நிறுத்தி,
"இன்னும் ஒரு வாரம் ஓடும் ஆன்ட்டி" என்பான்.
ஓடும்.

அது குரல்கள் வருவதற்கு முன்னால்.
குரல்களை முக்கிக் கொல்ல
சம்சு வருவதற்கும் முன்னால்.

போன வருஷம் சீனப் பெருநாள் வெடிச்சத்தம் ஓய்ந்த வாரம்
வலது விலாவைத் தட்டிக்கொண்டு வந்தான்.
"யாரோ உள்ளே தண்ணி ஊத்துறாங்க.
கீழே ரொம்பிருச்சு, மேலேதான் காலி.
தட்டிப் பாரேன்."
இரவு ஷிப்டுக்கு
டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தேன்.
"ஊத்துறது நீதான்" என்றேன்.
நல்ல பதில் என்று
பஸ்ஸில் போகும்போது சிரித்தும்கொண்டேன்.

கிளினிக்கில் அவனுடைய ஃபைல்
அவனைவிடப் பருத்திருந்தது.
முதல் பக்கத்தில் மனநோய்.
அடுத்த பக்கத்தில் குடி.
மூன்றாம் பக்கம்வரை யாரும் போகவில்லை.
உள்ளே தண்ணீர் ஊற்றுகிறார்களாம் என்று
மலாயில் சொன்னதும் நான்தான்.
எழுதிக்கொண்டார்கள்.
ராத்திரி மாத்திரை ஒன்று இரண்டானது.

சாயங்காலமானால் காய்ச்சல்.
கால்சட்டைக்குக் கயிறு.
உட்கார்ந்தபடியே தூக்கம், சுவரில் கன்னம் ஒட்டி.
அவசரப் பிரிவில் அவனுக்கு இருபுறமும்
இரண்டிரண்டு நாற்காலி காலியாகவே கிடந்தது.
"முதல்ல குடிய நிறுத்தச் சொல்லுங்க."
அன்று அவன் குடித்திருக்கவில்லை.
ஒரு மடக்கு விழுங்க மூச்சு போதவில்லை அவனுக்கு.
சட்டைக்குத்தான் பழைய வாசனை.
அதையாவது நான் சொல்லியிருக்கலாம்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி.
வார்டில் இடமில்லாமல் நடைவழியில் கட்டில்.
ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாள்
கிளந்தானிலிருந்து வந்த சின்ன டாக்டர் நோரைடா.
ஒரு கால் ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்தது.
ஃபைல் இன்னும் மேலே வந்து சேரவில்லை.
அது தாமதமானதற்கு
யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அவனை நிமிர்த்தி உட்காரவைத்து
முதுகில் இடது கையைப் பதித்து
அந்த விரல்மேல் வலது விரலால் தட்டினாள்.
டொங்.
டொங்.
டொங்.
தப்.

குணாளன் திரும்பிப் பார்த்தான்.
"பெனோ?" என்று கேட்டான்,
ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைக் கேட்பதுபோல.
அவள் இன்னொரு தடவை தட்டி, சத்தம் மாறிய இடத்தில்
பேனாவால் கோடு போட்டாள்.
"பெனோ, அபாங். நிறைய."

ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் இறக்கினார்கள்.
பாட்டிலில் பியர் நிறத்தில் நின்றது.
தள்ளிக்கொண்டு போன அட்டெண்டன் அதைச் சொல்லிச் சிரித்தார்.
அண்ணனும் சிரித்தான், மூச்சு முழுசாக இருந்ததால்.

காசநோய் என்றார்கள்.
ஆறு மாதம், தினமும் மிஸ்ஸி முன்னால் விழுங்கவேண்டும்.
சம்சு சேர்ந்தால் கல்லீரல் போய்விடும் என்றார்கள்.
சில வாரம் ஒழுங்காகப் போகிறான்.
சில நாள் ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்து
அழைத்து வருகிறேன்.
சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதாம்,
குரல்கள் சாயம் கலக்குகின்றனவாம்.
மாத்திரையின் நிறம் அது என்றேன்.
"ரெண்டும்தான்" என்கிறான்.

நேற்று ஷிப்டுக்குக் கிளம்பும்போது
குதிகாலுக்குள் யாரோ தந்தியடிக்கிறார்கள் என்றான்.
டப்பாவைக் கீழே வைத்தேன்.
செருப்பைக் கழற்றச் சொல்லி
விளக்கடியில் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
அழுக்கு. பழைய வெடிப்பு. வேறொன்றும் தெரியவில்லை.
"பஸ் போயிடும் உனக்கு" என்றான்.
மற்ற காலையும் காட்டச் சொன்னேன்.